செவ்வாய்க்கிழமை மாலையும் வெள்ளிக்கிழமை இரவும்: அமெரிக்க மகளிர் கூடைப்பந்தின் அட்டவணைச் சிக்கல்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஒன்றின் உள்ளரங்கில் ஒரே நாளில் பெண்கள் அணிக்கும் ஆண்கள் அணிக்கும் அடுத்தடுத்து ஆட்டம் இருந்தால், முதலில் ஆடுவது யார் என்பது பெரும்பாலும் கேள்வியாகவே எழுவதில்லை. மாலை 6 மணிக்குப் பெண்கள், 7.30 மணிக்கு ஆண்கள் என்பது பல பள்ளிகளில் ஊறிப்போன வழக்கம். பெண்கள் ஆட்டத்தின் முதல் கால்பகுதியில் படி இருக்கைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் ஆடுபவர்களின் பெற்றோர், தாத்தா பாட்டிகள், தம்பி தங்கைகள் மட்டுமே. இரண்டாம் பாதியில்தான் கூட்டம் மெல்லச் சேரத் தொடங்கும். வேலை முடிந்து வருகிறவர்கள் வருவார்கள். பேண்ட் குழு கருவிகளை எடுத்து வைக்கும். மாணவர்கள் தங்களுக்கென்று ஒதுக்கிய மூலையை நிரப்புவார்கள். நான்காம் கால்பகுதியில் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஆட்டம் தொங்கிக்கொண்டிருக்கும்போது, உள்ளே நுழைபவர்களில் பலர் நல்ல இடம் பிடிப்பதில் மும்முரமாக இருப்பார்கள். பெண்கள் வியர்வையைத் துடைத்தபடி வெளியேறும் கதவு வழியாகவே ஆண்கள் அணி உள்ளே ஓடிவரும். அரங்கின் முதல் பெரிய கைதட்டல் அப்போதுதான் எழும்.

இந்தக் காட்சியைப் பார்ப்பவர்கள், பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வராது, அதனால்தான் அதற்கு முக்கியமான நேரம் கொடுப்பதில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். காரணமும் விளைவும் இங்கே இடம் மாறி நிற்கின்றன என்பது என் உறுதியான கருத்து. எந்தக் கிழமை, எந்த மணி, எந்தப் பருவம், எந்த அரங்கு, எந்த அலைவரிசை என்பவை ஒரு விளையாட்டின் கூட்டத்தை அளக்கும் கருவிகள் மட்டுமல்ல, அந்தக் கூட்டத்தை உண்டாக்குகிறவையும்கூட. அமெரிக்க மகளிர் கூடைப்பந்தின் நூற்று முப்பது ஆண்டு வரலாற்றில் இதற்குச் சான்றுகள் நிறைய இருக்கின்றன.

முதலில் அட்டவணை எப்படித் தயாராகிறது என்பதைச் சொல்ல வேண்டும். நடுத்தர அளவுள்ள ஒரு பள்ளியில் ஆண்கள், பெண்கள் என இரு தரப்பிலும் முதன்மை அணி, இளநிலை அணி, ஒன்பதாம் வகுப்பு அணி என்று ஆறு அணிகள் இருக்கக்கூடும்; அரங்கு ஒன்றோ இரண்டோதான். நடுவர்களுக்குப் பல மாநிலங்களில் தட்டுப்பாடு. வெளியூர் ஆட்டம் என்றால் பேருந்தும் ஓட்டுநரும் வேண்டும். எதிரணிப் பள்ளியோடு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டாக வேண்டும். இவை எல்லாவற்றையும் பொருத்திப் பார்க்கும் விளையாட்டு இயக்குநர் பெரும்பாலும் சென்ற ஆண்டின் அட்டவணையை எடுத்து, தேதிகளை மட்டும் மாற்றுகிறார். ஆண்களுக்கு வெள்ளி இரவு, பெண்களுக்குச் செவ்வாயும் வியாழனும் என்ற பழைய பங்கீடு இப்படித்தான் யாரும் கெட்ட எண்ணத்தோடு முடிவெடுக்காமலேயே தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது.

அதன் சுமை என்னவோ பெண்கள் மேல் விழுகிறது. மறுநாள் பள்ளி உள்ள இரவில் வெளியூரில் ஆடிவிட்டு வரும் மாணவி வீடு சேர இரவு பத்தைத் தாண்டிவிடும். வீட்டுப்பாடம் அதற்குப் பிறகுதான். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு வார நாள் மாலை 6 மணி எட்டாத நேரம். மற்ற மாணவர்களுக்கோ வெள்ளி இரவு என்பது நண்பர்களோடு வெளியே கிளம்பும் இரவு, செவ்வாய் மாலை வீட்டில் இருக்கும் மாலை. ஆட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த வேறுபாட்டை அதனால் ஈடுகட்ட முடியாது.

சட்டம் இந்த இடத்தில் நுழைந்தது 1972இல். அந்த ஆண்டு ஜூன் 23 அன்று கையெழுத்தான கல்விச் சட்டத் திருத்தங்களின் ஒன்பதாம் பிரிவு, ‘டைட்டில் நைன்’ என்று அறியப்படுவது, கூட்டாட்சி அரசின் நிதி பெறும் கல்வித் திட்டங்களில் பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடைசெய்தது. அதன் மையமான வாக்கியம் ஆங்கிலத்தில் வெறும் 37 சொற்கள்; விளையாட்டு என்ற சொல்லே அதில் இல்லை. 1975இல் வந்த விதிமுறைகள்தான் விளையாட்டில் சம வாய்ப்பு இருக்கிறதா என்று பார்க்கும்போது எவற்றையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும் என்று வரிசைப்படுத்தின. உபகரணம், பயிற்சியாளர், உடைமாற்றும் அறை ஆகியவற்றோடு ஆட்டங்களையும் பயிற்சிகளையும் எந்த நேரத்தில் வைப்பது என்பதும், விளம்பரமும் அந்த வரிசையில் இடம்பெற்றன. பெண்கள் ஆட்டத்துக்கு ஒருவர் கூடுதலாக வர வேண்டும் என்றுகூடச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆட்டத்தைப் பார்க்க வருவதற்கான வாய்ப்பு இரு தரப்புக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதே அதன் எதிர்பார்ப்பு. 1971–72 கல்வியாண்டில் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் இருந்த மாணவிகள் 2,94,015 பேர். இன்று அந்த எண் முப்பது லட்சத்துக்கும் மேல். அணிகள் பெருகிய வேகத்தில் அட்டவணை மாறவில்லை.

இதை நீதிமன்றம் நேருக்கு நேர் ஆராய்ந்தது இந்தியானா மாநிலத்தின் ஃபிராங்க்ளின் கவுன்டி பள்ளி நிர்வாகம் தொடர்பான வழக்கில். கூடைப்பந்தை ஏறத்தாழ மதமாகவே கொண்டாடும் மாநிலம் அது. அந்தப் பள்ளியில் ஆண்கள் முதன்மை அணியின் ஆட்டங்களில் சுமார் 95 விழுக்காடு முதன்மை நேரத்தில், அதாவது மறுநாள் பள்ளி இல்லாத இரவில், நடந்தன. பெண்கள் அணிக்கு அந்த அளவு 53 விழுக்காடு. கீழ் நீதிமன்றம் விசாரணைக்குப் போகாமலேயே வழக்கை முடித்துவைத்தது. 2012 ஜனவரியில் ஏழாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை மாற்றி, வழக்கு தொடர வழிவிட்டது. முதன்மை நேரம் மறுக்கப்படுவதால் பார்வையாளர்கள் குறைகிறார்கள், படிப்புக்கு இடையூறு வருகிறது, தாங்கள் இரண்டாம் தரம் என்ற உணர்வு மாணவிகளிடம் வளர்கிறது என்ற வாதங்களை அது அற்பமானவை என்று தள்ளிவிடவில்லை. மற்றப் பள்ளிகள் ஒத்துக்கொள்ளாமல் எங்களால் மட்டும் தேதியை மாற்ற முடியாது என்ற பதிலும் அதற்குப் போதுமானதாகப் படவில்லை. இந்தத் தீர்ப்பில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, பார்வையாளர் இருப்பதும் இல்லாததும் ஆடுபவரின் அனுபவத்தில் ஒரு பகுதி என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதுதான். வெறும் இருக்கைகளுக்கு முன்னால் ஆடியவர்களுக்கு அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கிழமையைவிடப் பெரிய சிக்கல் பருவம். மிச்சிகனில் 1970களிலிருந்து பெண்கள் கூடைப்பந்து இலையுதிர் காலத்தில் நடந்தது, கைப்பந்து குளிர்காலத்தில் நடந்தது. நாட்டின் ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும் இது நேர்மாறு. ஒரே அரங்கை ஆண்களும் பெண்களும் வெவ்வேறு மாதங்களில் பயன்படுத்தினால் இடநெருக்கடி குறையும், ஆடுவோர் எண்ணிக்கை கூடும் என்பது மாநில உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கத்தின் வாதம். அதில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்கான விலையை மாணவிகள் மட்டும் கொடுத்தார்கள். கல்லூரிப் பயிற்சியாளர்கள் பள்ளி வீராங்கனைகளைத் தேடிப் பார்க்கும் மாதங்களில் மிச்சிகன் பெண்கள் களத்தில் இல்லை. மார்ச் மாதம் நாடே கூடைப்பந்தில் மூழ்கியிருக்கும்போது அவர்கள் ஆட்டம் முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. வேறு மாநிலத்து அணிகளோடு மோதும் வாய்ப்பும் அவர்களுக்குக் குறைவாகவே இருந்தது.

1998இல் பெற்றோர் சிலர் சேர்ந்து ‘கம்யூனிட்டீஸ் ஃபார் ஈக்விட்டி’ என்ற பெயரில் வழக்குத் தொடுத்தார்கள். 2001இல் மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு, உச்ச நீதிமன்றத்தின் திருப்பி அனுப்பல், மீண்டும் மேல்முறையீடு என்று போய், 2007இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்த பிறகுதான் அது முடிந்தது. 2007–08 பருவத்தில் மிச்சிகன் பெண்கள் முதன்முறையாகக் குளிர்காலத்தில் ஆடினார்கள். வழக்குத் தொடுத்த ஆண்டில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த ஒரு மாணவி அதற்குள் பள்ளியை முடித்து, நான்காண்டுக் கல்லூரிப் படிப்பையும் முடித்திருப்பாள். பருவங்களைப் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால் அந்தச் சுமையை இரு தரப்பும் பகிர்ந்துகொள்ளலாமே, எல்லாப் பாதகமான பருவமும் ஏன் பெண்களுக்கே வர வேண்டும் என்பதே இந்த வழக்கு முழுவதும் ஓடிய கேள்வி. மொன்டானாவும் தென் டகோட்டாவும் இதே மாற்றத்தை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே செய்திருந்தன.

அடுத்தடுத்து நடக்கும் இரட்டை ஆட்டத்துக்கு வருவோம். பெண்கள் எப்போதும் முதலில் என்றால் அவர்கள் ஆட்டம் முன்னோட்டமாகிவிடுகிறது. வரிசையை மாற்றி ஆண்களை முதலில் ஆடவிட்டால், அந்த ஆட்டம் முடிந்ததும் பாதிக் கூட்டம் எழுந்து போய்விடக்கூடும். அதைப் பார்த்துக்கொண்டு களமிறங்குவதைவிடத் தங்கள் கடைசி நிமிடங்களையாவது நிரம்பும் அரங்கில் ஆடுவது மேல் என்று நினைக்கும் பெண்கள் அணிப் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் நினைப்பதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பருவம் எழுந்து போனவர்கள் அடுத்த பருவமும் அப்படியே போவார்கள் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பழக்கம் உருவாக மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கும். இரட்டை ஆட்டங்களில் வரிசையை மாற்றி மாற்றி வைப்பதும், வெள்ளி இரவுகளில் சில முழுக்கப் பெண்கள் அணிக்கு மட்டும் என்று ஒதுக்குவதும் சேர்ந்தால்தான் பலன் தெரியும். ஒன்றை மட்டும் அரைகுறையாக ஒரு பருவம் செய்து பார்த்துவிட்டு, பார்த்தீர்களா, கூட்டம் வரவில்லை என்று கைவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

உற்சாகமூட்டுவதும் இதே கதைதான். சியர்லீடர்களும் பேண்ட் குழுவும் இருக்கும் ஆட்டம் ஊருக்கு முக்கியமான ஆட்டம் என்று எல்லோருக்கும் புரிகிறது. அந்தச் சேவைகளையும் கூட்டாட்சி அரசின் கல்வித்துறை சம வாய்ப்பின் கணக்கில் சேர்க்கிறது. 2006–07 பருவத்தில் நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் வட்டாரத்தில், ஒரு தாய் கொடுத்த புகாரைத் தொடர்ந்து, பள்ளிகளின் சியர்லீடர்கள் பெண்கள் ஆட்டங்களுக்கும் வர வேண்டும் என்று ஏற்பாடானபோது எல்லோரும் மகிழவில்லை. சியர்லீடர்களில் சிலருக்கும், ஆடும் பெண்களில் சிலருக்கும்கூட அது பிடிக்கவில்லை. உத்தரவால் வரும் ஆரவாரம் முதலில் செயற்கையாகத்தான் இருக்கும். ஆனால் ஆண்கள் ஆட்டத்துக்குச் சியர்லீடர்கள் வருவதும் ஒரு காலத்தில் யாரோ போட்ட ஏற்பாடுதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

பெண்கள் ஆட்டத்துக்கும் பார்வையாளர்களுக்கும் இடையிலான சிக்கல் ஆட்டத்தின் பிறப்பிலேயே தொடங்கியது. 1893 மார்ச்சில் ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் நடத்திய முதல் பெண்கள் ஆட்டத்தில் ஆண் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. 1896 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் மோதிய முதல் கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டத்திலும் அப்படியே. ஸ்டான்ஃபோர்டு 2–1 என்ற புள்ளிக்கணக்கில் வென்றதைப் பார்த்தவர்கள் பெண்கள் மட்டுமே. பெண்கள் ஓடியாடுவதை ஆண்கள் பார்ப்பது கண்ணியமல்ல என்ற அன்றைய எண்ணம், கூட்டத்தை வாசலிலேயே நிறுத்தியது.

இதற்கு முற்றிலும் மாறான பாதையில் போனது அயோவா. கூட்டம் வராது என்று சொல்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டும் மாநிலம் அதுதான். அங்கே 1920இலிருந்து பெண்களுக்கு மாநிலக் கோப்பைப் போட்டி நடக்கிறது. 1920களின் நடுவில் பள்ளி விளையாட்டுச் சங்கம் பெண்கள் போட்டிகளைக் கைவிட முடிவெடுத்தபோது, சிற்றூர்ப் பள்ளி நிர்வாகிகள் பிரிந்து வந்து பெண்களுக்கென்றே தனிச் சங்கம் அமைத்தார்கள். அணிக்கு ஆறு பேர், மூவர் தாக்குதலுக்கு, மூவர் தடுப்புக்கு, யாரும் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது, பந்தை இரண்டு முறைக்கு மேல் தட்டக் கூடாது என்ற பழைய விதிகளில் 1993 வரை அங்கே ஆடினார்கள். விதி பழையது, ஆனால் அட்டவணை அவர்களுடையது. தலைநகர் டெ மோயினில் பெண்கள் போட்டிக்குத் தனி வாரம், பெரிய அரங்கு, தொலைக்காட்சி ஒளிபரப்பு எல்லாம் இருந்தன. ஆண்கள் ஆட்டத்துக்கு முன்னால் ஆட வேண்டிய நிலை அந்த வாரத்தில் அவர்களுக்கு இல்லை.

1968 இறுதி ஆட்டத்தில் யூனியன்-விட்டன் அணி எவர்லி அணியைக் கூடுதல் நேரத்தில் 113–107 என்று வென்றது. வென்ற அணியின் டெனிஸ் லாங் 64 புள்ளிகள் எடுத்தார். தோற்ற அணியின் ஜெனெட் ஓல்சன் 76 எடுத்தார். சுமார் 15,000 பேர் அரங்கில் இருந்தார்கள். அந்த இரண்டு பள்ளிகளும் சின்னஞ்சிறு ஊர்களில் இருந்தவை. டைட்டில் நைன் வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, சட்டத்தின் நெருக்குதல் எதுவும் இல்லாமல் இது நடந்தது. அந்தப் பழக்கம் கல்லூரிக்கும் போனது. 1985 பிப்ரவரி 3 அன்று அயோவா பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணி ஒஹையோ ஸ்டேட் அணியோடு ஆடியபோது, சுமார் 15,500 இருக்கைகள் கொண்ட கார்வர்-ஹாக்கை அரங்குக்குள் 22,157 பேர் நுழைந்தார்கள். நடைவழிகளிலும் படிகளிலும் ஆட்கள். பயிற்சியாளர் சி. விவியன் ஸ்டிரிங்கர் அங்கே வந்து அப்போது இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. 2023 அக்டோபரில் அதே பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானத்தில் நடந்த திறந்தவெளிக் காட்சி ஆட்டத்துக்கு 55,646 பேர் வந்தார்கள். அந்த அணியின் நட்சத்திரமான கெய்ட்லின் கிளார்க் என்ற ஒருவருக்காக வந்த கூட்டம் என்று அதைச் சுருக்கிவிடுவது, அவருக்கு முன்பே நூறு ஆண்டுகள் அந்த மாநிலம் போட்ட அடித்தளத்தை மறப்பதாகும்.

தேசிய அளவிலும் தொலைக்காட்சி நேரமே பல காலம் முடிவெடுத்தது. 1993இல் டெக்சஸ் டெக் பல்கலைக்கழக அணியின் ஷெரில் ஸ்வூப்ஸ் தேசியக் கல்லூரிக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் 47 புள்ளிகள் எடுத்தார். அதற்கு முந்தைய நாள்தான் அவர் அரையிறுதி ஆடியிருந்தார். ஆண்கள் போட்டியில் அரையிறுதிக்கும் இறுதிக்கும் நடுவே ஓய்வு நாள் உண்டு. பெண்களுக்கு அன்று அது இல்லை. ஓய்வில்லாமல் ஆடிய அந்த ஆட்டத்தை ஒரு சாதனையாக நாம் நினைவில் வைத்திருக்கிறோம், அந்த அட்டவணையை மறந்துவிட்டோம். 1996இலிருந்து இறுதி ஆட்டம் கட்டணச் சேனலுக்குப் போனது. எல்லா வீட்டிலும் இலவசமாகக் கிடைக்கும் அலைவரிசைக்கு அது திரும்பியது 2023இல், ஏபிசி வழியாக. ஞாயிறு பிற்பகலில் நடந்த அந்த ஆட்டத்தைச் சராசரியாக 99 லட்சம் பேர் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு தென் கரோலினா அயோவாவை வென்ற இறுதி ஆட்டத்தைச் சுமார் 1 கோடியே 89 லட்சம் பேர் பார்த்தார்கள். திங்கள் இரவு கேபிள் சேனலில் வந்த ஆண்கள் இறுதி ஆட்டத்துக்குக் கிடைத்தது சுமார் 1 கோடியே 48 லட்சம். சேனலும் நேரமும் இம்முறை பெண்களுக்குச் சாதகமாக இருந்தன என்பது உண்மைதான். நல்ல இடம் கிடைத்தால் எண்ணிக்கை எப்படி மாறும் என்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை வேறில்லை.

2021இல் தேசியக் கல்லூரிப் போட்டி நடந்த ஊரில் பெண்கள் அணிகளுக்குக் கிடைத்த சொற்பமான உடற்பயிற்சி வசதியின் காணொளி பரவிய பிறகு, கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ ஒரு வெளி ஆய்வுக்கு ஏற்பாடு செய்தது. மகளிர் போட்டியின் ஒளிபரப்பு உரிமை 2025இல் ஆண்டுக்கு 8.1 கோடி முதல் 11.2 கோடி டாலர் வரை பெறும் என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. அன்று அது வேறு பல விளையாட்டுகளோடு ஒரே கட்டாக, மொத்தமே ஆண்டுக்குச் சுமார் 3.4 கோடி டாலருக்கு விற்கப்பட்டிருந்தது. ‘மார்ச் மேட்னஸ்’ என்ற புகழ்பெற்ற பெயரையே 2022 வரை ஆண்கள் போட்டி மட்டுமே பயன்படுத்திவந்தது. பெயர் இல்லாத, தனி விலை இல்லாத, மாற்றாக வைக்கப்பட்ட நேரத்தில் ஒளிபரப்பான ஒன்றுக்கு ரசிகர் இல்லை என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால், அவர் அளந்தது ரசிகர்களை அல்ல. 2024இல் போட்ட எட்டாண்டு ஒப்பந்தத்தில் மகளிர் கூடைப்பந்துப் போட்டியின் பங்கு ஆண்டுக்குச் சுமார் 6.5 கோடி டாலர் என்று கணக்கிடப்பட்டது.

தொழில்முறை லீக்கில் பருவத்தைத் தேர்ந்ததே உயிர்நாடியானது. 1996இல் தொடங்கிய ஏபிஎல் என்ற மகளிர் லீக் குளிர்காலத்தில், ஆண்கள் லீக்கான என்பிஏவோடு போட்டியிட்டு ஆடியது. 1998 டிசம்பரில் பருவத்தின் நடுவிலேயே மூடியது. என்பிஏவின் ஆதரவோடு 1997 ஜூனில் தொடங்கிய மகளிர் லீக்கான டபிள்யூஎன்பிஏ, அரங்குகளும் தொலைக்காட்சி நேரமும் காலியாக இருக்கும் கோடையை எடுத்துக்கொண்டது. அங்கும் அரங்கின் அளவே உச்சவரம்பாக இருந்தது. வாஷிங்டன் மிஸ்டிக்ஸ் அணியின் வழக்கமான அரங்கில் 4,200 பேருக்குத்தான் இடம். 2024 செப்டம்பர் 19 அன்று இந்தியானா அணிக்கு எதிரான ஆட்டத்தை நகரின் பெரிய அரங்குக்கு மாற்றியபோது வந்தவர்கள் 20,711 பேர். வார நாள் முற்பகலில் பள்ளி, கோடை முகாம் குழந்தைகளைத் திரட்டிவந்து நடத்தும் ஆட்டங்களும் இந்த லீக்கில் உண்டு. காலை 11 மணிக்கு அரங்கு குழந்தைகளின் கூச்சலால் அதிர்கிறது என்றால், யார் எப்போது வரமுடியும் என்று யாரோ முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள் என்று பொருள்.

பள்ளி அளவில் இந்த யோசனையைச் செய்ய வேண்டிய காலம், பருவம் முடிந்த சில மாதங்களில் வந்துவிடுகிறது. அடுத்த ஆண்டின் ஆட்ட ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை அப்போதே கையெழுத்தாகிவிடும். நவம்பரில் அட்டவணை அச்சாகிக் கதவில் ஒட்டப்பட்ட பிறகு கேட்டால், எல்லாம் முடிந்துவிட்டது என்ற பதில்தான் கிடைக்கும். கேட்பவர்கள் கையில் இரண்டு எண்கள் இருந்தால் போதும்: மறுநாள் பள்ளி இல்லாத இரவுகளில் ஆண்கள் அணிக்கு எத்தனை ஆட்டங்கள், பெண்கள் அணிக்கு எத்தனை. இரட்டை ஆட்டங்களில் எத்தனை முறை பெண்கள் இரண்டாவதாக ஆடினார்கள், எத்தனை முறை பேண்ட் குழு முதல் நிமிடத்திலிருந்தே இருந்தது என்பதையும் சேர்த்து எழுதிக்கொண்டால் இன்னும் நல்லது. ஒரு பருவத்தின் அட்டவணையை எடுத்து, பேனாவால் குறித்துக்கொண்டே போனால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை அது.